கம்போடியா அனாதை இல்லத்தில் தொண்டு செய்யக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும் முன், அல்லது நீண்ட விடுப்பில், வெளிநாட்டில் சில வாரம் குழந்தைகளுக்குத் தொண்டு செய்துவிட்டு வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் ஊர் பெரும்பாலும் கம்போடியா. விமானக் கட்டணம் குறைவு, அங்கோர்வாட்டும் பார்த்துவிடலாம். அதனால் இங்கே கம்போடியாவை மையமாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். நேபாளமும் நம் ஊரும் நடுவில் வரும்.

அங்கோர்வாட் இருக்கும் சியெம் ரீப்பில் ஒரு அனாதை இல்லத்தில் மூன்று வாரம் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆசை. போகலாமா?

வேண்டாம். கம்போடியாவுக்குப் போங்கள், உதவியும் செய்யுங்கள். இல்லத்துக்குள் போய்ப் பிள்ளைகளோடு இருக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்பதைத்தான் அடுத்த சில பதில்களில் விரிவாகச் சொல்கிறேன். மாற்று வழிகளைப் பார்க்க மட்டும் வந்திருந்தால் பாதிக்குக் கீழே போய்விடலாம்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு உதவுவதில் என்ன தப்பு?

அங்கே இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் ஏறத்தாழ மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தது தெரியவந்தது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடி 269 ஆனது. அவற்றில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. மற்றவை தனியார் நடத்தியவை, பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில். பிறகு நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள்.

கம்போடிய மக்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சி 1979-இலேயே முடிந்துவிட்டது. போர் ஓய்ந்து, பெற்றோரை இழக்கும் பிள்ளைகள் குறைந்துகொண்டு வந்த காலத்தில்தான் இல்லங்கள் இப்படிப் பெருகின. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

உலக அளவில் 14 கோடி அனாதைகள் என்று விளம்பரங்களில் வரும் எண்ணையும் கவனித்துப் படிக்க வேண்டும். யுனிசெஃபின் அந்த 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் 1 கோடியே 51 லட்சம் பேர்தான். மீதிப் பேருக்கு ஒருவர் இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களில்கூட மிகப் பலர் பாட்டி, சித்தி, மாமன் வீடுகளில்தான் வளர்கிறார்கள்.

பெற்றோர் இருந்தும் ஏன் இல்லத்தில் விடுகிறார்கள்? பாசம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பாசம் இருப்பதால்தான் விடுகிறார்கள். கிராமத்தில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கடன் வாங்கி விவசாயம் செய்து நொடித்துப்போனவர்கள் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் ஒருவர் நோயாளி. இந்த நிலையில் ஒருவர் வந்து, 'உங்கள் பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஆங்கிலப் படிப்பு, வெளிநாட்டார் ஆதரவு' என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் ஆசை வரத்தான் செய்யும். நம் ஊரில் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கும் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைப் போய் அனாதை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

அதே பணத்தை வீட்டுக்குக் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும். தான்சானியாவின் ககேரா பகுதியில் உலக வங்கி பார்த்த கணக்கில், இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பராமரிக்க ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக வைப்பதைவிட அது ஏறத்தாழ ஆறு மடங்கு.

தொண்டர்கள் போவதால்தான் இல்லங்கள் பெருகின என்பது மிகையாகத் தெரிகிறதே?

இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வறுமை மிகுந்த மலை மாகாணங்களில் நெருக்கமாக இல்லை. தலைநகர் நாம்பென், சியெம் ரீப் என்று சுற்றுலாப் பயணிகள் வந்திறங்கும் ஊர்களில்தான் அதிகம். கோயில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டுக்டுக் ஓட்டுநரே 'அனாதை இல்லம் பார்க்கிறீர்களா' என்று கேட்ட காலம் உண்டு. மாலையில் பிள்ளைகளை அப்சரா நடனம் ஆடவைத்து உண்டியல் ஏந்திய இல்லங்கள் இருந்தன. இரவு நேரத்தில் கடைத்தெருவில் பிள்ளைகள் கையில் நோட்டீஸ் கொடுத்து ஆள் பிடிக்க அனுப்பியவர்களும் இருந்தார்கள்.

கணக்கு எளியது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் பேக்கேஜ்கள் விற்கப்படுகின்றன. வருகிறவருக்குப் பிள்ளைகள் வேண்டும். சின்னப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் பரிதாபமாக இருந்தால் நன்கொடை கூடும். ஆகவே இல்லத்தில் எப்போதும் பிள்ளைகள் இருந்தாக வேண்டும், இடமும் பளபளப்பாகிவிடக் கூடாது. நன்கொடையாக வந்த அரிசியும் சோப்பும் மறுநாள் கடைக்குத் திரும்பிப் போன கதைகளை அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு கொடுத்த பணமே இந்தத் தொழிலுக்கு முதலாகிவிட்டது.

கம்போடியாவில் தெருப் பிள்ளைகளோடு 1994 முதல் வேலை செய்யும் ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு, 2011-இல் 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று ஒரு பிரசாரம் நடத்தியது. அந்தச் சுவரொட்டியில், அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பிள்ளைகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கம்போடியா வேண்டாம், நேபாளம் போகிறேன். அங்கே நிலைமை பரவாயில்லையா?

அங்கே கதை இன்னும் கசப்பானது. 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், வடமேற்கு மூலையில் உள்ள ஹும்லா போன்ற மாவட்டங்களில் மாவோயிஸ்டுகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்துவிடுவார்களோ என்று பெற்றோர் பயந்தார்கள். தரகர்கள் வந்து, காத்மாண்டுவில் போர்டிங் பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லி, பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் இல்லம். சில பிள்ளைகளுக்குப் பெற்றோர் இறந்ததாகப் பொய்ச் சான்றிதழ் தயாரானது. கேட்டால் அனாதை என்று சொல்லும்படி பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

போர் முடிந்தது, தொழில் முடியவில்லை. அப்போதைய 75 மாவட்டங்களில் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வான், பொக்காரா இருக்கும் காஸ்கி ஆகிய ஐந்தில் மட்டும் ஏறத்தாழ 90 சதவீத இல்லங்கள் இருந்தன. ஐந்துமே பயணிகள் வந்துபோகும் மாவட்டங்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பின், பெற்றோரோ காப்பாளரோ உடனில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதை அரசு தடுத்தது இந்த அனுபவத்தால்தான்.

இன்னொன்று. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு சம்பளமில்லாத தொண்டு வேலைகூட செய்யக் கூடாது. 'டூரிஸ்ட் விசா போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஏஜென்சி சொன்னால், சட்டத்தை மீறச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள், போகும்போது அழுகிறார்கள். அவர்களுக்கு அன்பு தேவைதானே?

தேவைதான். முன்பின் தெரியாத ஒருவர் மடியில் வந்த அடுத்த நிமிடமே ஏறி உட்காரும் நாலு வயதுப் பிள்ளையை உங்கள் உறவில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் வளரும் பிள்ளை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்க்கும். யாரிடமும் பாரபட்சம் இல்லாமல் ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒருவர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் காணப்படும் ஓர் அடையாளம் என்று குழந்தை மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். நமக்கு அது இனிக்கிறது.

இதை நீண்டகாலம் கவனித்தது ருமேனியாவில் நடந்த ஆய்வு. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி 1989-இல் கவிழ்ந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இல்லத்திலேயே இருந்தவர்களைவிடக் குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும், வளர்ப்பவரோடு பாசமாக ஒட்டுவதிலும் முன்னேறினார்கள். பல அம்சங்களில் இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் கூடுதல். அந்த இல்லங்களில் உணவும் உடையும் கிடைத்தன. கிடைக்காதது, தினமும் அதே முகமாக வந்து தூக்கும் ஒருவர்.

மூன்று வாரத்துக்கு ஒரு புது அக்கா, புது அண்ணன் என்று வந்துபோனால் அந்தக் குறை கூடுமே தவிரக் குறையாது. அன்பு காட்டாதீர்கள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டபின் பிரியப்போவது நிச்சயம் என்று தெரிந்தே ஒட்டவைக்காதீர்கள் என்பதுதான்.

என் பின்னணியை யாரும் விசாரிக்கவே இல்லை. சேர்த்துக்கொண்டார்கள். நல்லதுதானே?

உங்களுக்கு வசதி. உங்களை விசாரிக்காதவர்கள் உங்களுக்கு முன்னால் வந்தவரையும் விசாரித்திருக்க மாட்டார்கள். கென்யாவில் நைரோபி இல்லமொன்றுக்குத் தொண்டு செய்யப் போன ஓக்லஹோமா இளைஞர் ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 40 ஆண்டு சிறை விதித்தது. கைதானபோது அவருக்கு வயது 19. பார்வைக்கு உங்களைப் போல என்னைப் போல இருப்பவர்தான்.

இந்தியாவில் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே வாங்கலாம். அதைக்கூட கேட்காத அமைப்பிடம் போகாதீர்கள்.

எல்லா இல்லங்களையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறீர்களே. நல்ல இல்லமே கிடையாதா?

உண்டு. வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்: வீட்டிலேயே வன்முறைக்கு ஆளானவர்கள், யாருமே இல்லாதவர்கள், தீவிர சிகிச்சை தேவைப்படுகிறவர்கள். அவர்களுக்குச் சில காலம் நல்ல இடம் வேண்டும். ஆனால் நன்றாக நடக்கும் இல்லம் உங்களை உள்ளே விடாது. வாசலில் நிறுத்தி, 'பிள்ளைகளைப் பார்க்க முடியாது, மன்னிக்கவும்' என்று சொல்லும். அப்படிச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். அங்கே நன்கொடை கொடுக்கலாம்.

சட்டம் ஏதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. கம்போடியா 2015-இல் இல்லங்களை ஒழுங்குபடுத்த துணை ஆணை கொண்டுவந்தது. பிறகு ஐந்து மாகாணங்களின் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப இலக்கு வைத்தது. இல்லங்களும் குறைந்துவருகின்றன. ஆஸ்திரேலியா இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றது. அதன் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தது 2018-இல். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இல்லங்களில் தொண்டு என்ற பெயரில் நடக்கும் சுற்றுலாவின் தீங்கைத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

சரி, கம்போடியா போகிறேன். உருப்படியாக என்ன செய்யலாம்?

முதலில் சாப்பிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நாம்பென்னில் ஃபிரண்ட்ஸ் உணவகம், சியெம் ரீப்பில் மாரும் என்று, தெருவில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய உணவகங்கள் பெயர் பெற்றவை. உங்கள் பில் தொகை பயிற்சிக்குப் போகும். குடும்பத்தில் வேலை பார்க்கத் தெரிந்த ஒருவர் உருவானால் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை. எந்தத் தொண்டைவிடவும் இது நேரடியான உதவி என்று நான் நினைக்கிறேன்.

இரவில் ஃபார் சர்க்கஸ் பாருங்கள். தாய்லாந்து எல்லை அகதி முகாமில் ஓவியம் கற்று வளர்ந்த சில இளைஞர்கள் நாடு திரும்பி, 1994-இல் பத்தம்பாங்கில் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து உருவானது அது. மேடையில் இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் கலைஞர்கள். உண்டியலுக்காக ஆடவைக்கப்படும் பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

ரத்தம் கொடுக்கலாம். சியெம் ரீப்பில் சுவிஸ் நாட்டு மருத்துவர் பீட் ரிச்னர் நிறுவிய கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, சிகிச்சை இலவசம். டெங்கு காலத்தில் ரத்தத் தேவை ஏறிவிடும். ரிச்னர் 2018-இல் காலமானார். அதற்குமுன் சனிக்கிழமைகளில் அவரே செல்லோ வாசித்து, இளைஞர்களிடம் ரத்தமும் முதியவர்களிடம் பணமும் நடுவயதினரிடம் இரண்டும் கேட்பார். பட்ஜெட்டில் ஊர் சுற்றும் கல்லூரி மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான தொண்டு எனக்குத் தோன்றவில்லை. ஒரு பைசா செலவில்லை, அரை மணி நேர வேலை. உடல்நலத் தகுதியை அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

நான் நர்ஸ். தோழி ஆசிரியை, அண்ணன் அக்கவுண்டன்ட். எங்கள் தொழில் திறமை பயன்படாதா?

நன்றாகவே பயன்படும். ஒரே நிபந்தனை: உங்கள் வேலை அங்கிருக்கும் ஊழியரோடு இருக்கட்டும், பிள்ளையோடு வேண்டாம். சியெம் ரீப்பின் அங்கோர் குழந்தைகள் மருத்துவமனை 1999-இல் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கென்ரோ இஸுவின் முயற்சியில் தொடங்கியது. உள்ளூர் மருத்துவர், நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் முக்கிய வேலை. அனுபவமுள்ள நர்ஸுக்கு அத்தகைய இடத்தில் மதிப்பு உண்டு.

ஆசிரியை நேராகப் பாடம் நடத்துவதைவிட, கம்போடிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். மாதத்துக்கு ஒரு தொண்டர் மாறும் வகுப்பில் பிள்ளைகள் மறுபடி மறுபடி ஏபிசிடியும் 'ஹெட் ஷோல்டர்ஸ்' பாட்டும்தான் படிப்பார்கள். அடுத்த பாடத்துக்குப் போக யாருக்கும் நேரம் இருக்காது. அண்ணன் விஷயத்தில் அவர் விமானமே ஏற வேண்டாம். குடும்பங்களோடு வேலை செய்யும் சிறு அமைப்புகளுக்குக் கணக்கு எழுதவும் நிதி விண்ணப்பம் தயாரிக்கவும் ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆறு மாதம் வாரம் இரண்டு மணி நேரம் செய்தால் போதும். படம் போட ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

ஓர் அமைப்பு உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்னஞ்சலில் நாலு கேள்வி கேளுங்கள். உங்களிடம் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் குடும்பம் இருக்கிறது? போன ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், திரும்பியபின் யார் போய்ப் பார்க்கிறார்கள்? சமூகப் பணியாளர்கள் எத்தனை பேர், அவர்கள் உள்ளூர்க்காரர்களா? குழந்தைப் பாதுகாப்பு விதிமுறையை அனுப்புவீர்களா?

நல்ல அமைப்பு இரண்டாவது கேள்விக்கு மகிழ்ச்சியோடு நீளமாகப் பதில் எழுதும். மோசமானது 'அவர்களுக்கு நாங்கள்தான் குடும்பம்' என்று எழுதும். வந்த பதிலில் உங்கள் வருகைத் தேதியும் கட்டண விவரமும் மட்டும் இருந்தால் மூடிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

எங்கள் பாலிடெக்னிக் குழு சிங்கப்பூரிலிருந்து போகிறது. நிரலில் ஒரு மணி நேரம் இல்லம் பார்ப்பது இருக்கிறது. நான் மட்டும் எப்படி மறுப்பது?

தனியாக மறுத்து முகம் தூக்க வேண்டாம். பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 'சார், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதில் பயிற்சி உணவகத்தில் சாப்பிட்டு, அதன் பணியாளர்களோடு பேசலாமா?' என்று மாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாதம் இருபது வெளிநாட்டுக் குழு வந்து வகுப்பில் எட்டிப் பார்த்துச் செல்ஃபி எடுத்திருந்தால் உங்கள் பெற்றோர் விட்டிருப்பார்களா என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

நம் ஊரில் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிறோமே. அதுவும் தப்பா?

சாப்பாடு போடுவது தப்பில்லை. பசித்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முன்பின் தெரியாத ஒருவருக்கு 'ஹேப்பி பர்த்டே' பாடவைத்து, கேக் ஊட்டும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது தப்பு. பணத்தை இல்லத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். இந்தியாவின் சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ஆம் பிரிவின்படி, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வெளிநாட்டு இல்லங்களைப் பற்றிப் பேசும்போது நம் வாசலையும் மறக்கக் கூடாது. மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக 2007-இல் வந்த பத்திரிகைக் கட்டுரை உச்ச நீதிமன்றத்துக்கு எட்டி வழக்கானது. அந்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. 2017 மே மாதத் தீர்ப்பு, எல்லா இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்றது. நீங்கள் சாப்பாடு போடும் இல்லம் பதிவு பெற்றதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

சில ஆண்டுகளாக ஓர் இல்லத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். இதையெல்லாம் படித்தபின் நிறுத்திவிடவா?

உடனே நிறுத்தாதீர்கள். திடீரென்று பணம் நின்றால் முதலில் குறைவது பிள்ளைகளின் தட்டில் இருக்கும் சோறுதான். அவசரமாக மூடப்பட்ட இல்லங்களிலிருந்து பிள்ளைகள் இன்னொரு இல்லத்துக்குக் கைமாறியதும் உண்டு. வீடு திரும்புதல் மெதுவாக நடக்க வேண்டிய வேலை: குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், வீட்டு நிலைமை பார்க்க வேண்டும், பிள்ளையை முதலில் ஒரு நாள் அனுப்பி, பிறகு பண்டிகைக்கு அனுப்பிப் பழக்க வேண்டும், போனபின் சமூகப் பணியாளர் பல மாதம் தொடர வேண்டும்.

இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் திட்டம் இருக்கிறதா, இருந்தால் என் பணம் அதற்குப் போகட்டும், ஒரு பிள்ளையின் பெயரில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி மாறிய இல்லங்கள் கம்போடியாவிலேயே இருக்கின்றன. கட்டடத்தைப் பகல்நேரப் பள்ளியாகவோ குடும்ப நல மையமாகவோ ஆக்கிக்கொண்டார்கள். திட்டமே இல்லை, யோசிக்கவும் மாட்டோம் என்றால், ஆறு மாத அவகாசம் சொல்லி, அந்தத் தொகையைக் குடும்பங்களோடு வேலை செய்யும் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு இத்தனை நாள் கடிதம் எழுதி வந்திருந்தால், பணத்தை மாற்றினாலும் அந்தக் கடிதத்தை மட்டும் நிறுத்த வேண்டாம். பதினெட்டு வயதாகி இல்லத்தை விட்டு வெளியே வரும்போது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பெரியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.